ஐம்பத்தைந்து டாலர் மேசை

ரூடினே இரண்டாம் இடம் வந்து ஒன்பதாயிரம் டாலர் அடித்த மறுநாள் காலை, அக்காவும் தம்பியும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உரக்கச் சண்டை போட்டார்கள்.

மரிங்கா நகரத்தில் பெட்ரோல் பங்குக்கு எதிரே இரண்டு அறை வீடு. முன்னறையில் முதுகோடு முதுகாக இரண்டு மேசை, இரண்டு கணினி. அக்கா கெய்லா முன்பு மருந்துக்கடையில் இருந்தவள். தம்பி ரூடினே, சோயா பயறு கொள்முதல் நிலையத்தில் லாரி எடை போட்டவன். இருவரும் வேலையை விட்டு இணையத்தில் போக்கர் டூர்னமென்ட் ஆடிப் பிழைக்க இறங்கியபோது, ஆளுக்கொரு கணக்கு, ஆனால் முதல் பணம் பொதுவில் என்று முடிவு செய்துகொண்டார்கள். நுழைவுக் கட்டணத்தைப் போல இருநூற்றைம்பது மடங்கு கையில் இருந்தால்தான் அந்தப் படியில் ஆடலாம் என்று கெய்லா ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒன்றரை வருஷமாக இருபத்திரண்டு டாலர் படியிலேயே இருந்தார்கள். அதற்கு மேல் ஐம்பத்தைந்து.

"பதினாலாயிரத்து அறுநூறு இருக்கு. உன் காகிதப்படியே மேல போலாம். எழுதினவ நீதான்," என்றான் ரூடினே.

"காகிதம் பணத்தைப் பத்தித்தான் சொல்லுது. நம்மளைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஒரே ஞாயித்துக்கிழமையில நமக்கு மூளை வளந்துடுச்சா?"

"எனக்கு வளந்துடுச்சு. உனக்குத்தான் சந்தேகம்."

"கடைசி ரெண்டு ஆட்டத்துல உனக்கு என்ன சீட்டு விழுந்துச்சுன்னு நானும் பாத்தேன்டா. அதை நம்ம அம்மா கையில குடுத்திருந்தாலும் ஜெயிச்சிருப்பாங்க."

அது அவனுக்குச் சுருக்கென்று பட்டது. "அப்ப ஜெயிச்சது சீட்டு, தோத்தா மட்டும் நானு. நல்ல நியாயம் உன்னோடது," என்று சொல்லிவிட்டு வெளியே போனவன் மதியம்தான் திரும்பினான்.

சாயங்காலம் கெய்லாவே இறங்கி வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக ஏற வேண்டாம். ஒருவர் மட்டும் ஏறி முப்பது டூர்னமென்ட் ஆடிப் பார்ப்பது, அதற்குப் பிறகு பேசுவது. முப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்டான் தம்பி. "அதிர்ஷ்டம் தெரியாது. கை நடுங்குதா இல்லையான்னு தெரியும்," என்றாள்.

யார் ஏறுவது என்பதில் ரூடினேக்குச் சந்தேகமே இல்லை, தான்தான். கெய்லாவோ, ஆளுக்கு இருபது ஆட்டத்தின் பதிவை எடுத்து, பெயரை அழித்து, இரண்டு கட்டாக அன்செல்மோவுக்கு அனுப்பலாம் என்றாள். குரிச்சிபாவில் இருக்கும் அன்செல்மோ இருவருக்கும் ஆரம்பத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன்; இப்போது பெரிய மேசைகளில் ஆடுகிறவன். நாலு நாள் கழித்து அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

"முதல் கட்டு ஆள் தைரியசாலி. ஆனா சும்மா உக்காரத் தெரியல, எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிறான். அங்க போனா தோலை உரிச்சிருவாங்க. ரெண்டாவது கட்டு ஆள் நாளைக்கே போலாம்."

இரண்டாவது கட்டு கெய்லாவுடையது.

ரூடினே சிரித்தான். பிறகு சமையலறைக்குப் போய் ஒரே ஒரு காபிக் கோப்பையை வெகுநேரம் கழுவினான். திரும்பி வந்து, "வேண்டாம்னு சொன்னவளே போறா. போ. ஆனா முப்பது முடியுற வரைக்கும் என்கிட்ட வந்து புலம்பாதே," என்றான்.

அப்படித்தான் அவள் ஏறினாள்.

எதிரிகளில் பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்த பெயர்கள்தான். அவர்கள் ஆட்டமும் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது அவள். கீழே இரண்டு நொடியில் முடிவு செய்கிற விஷயத்துக்கு இங்கே கொடுத்த நேரம் முழுவதையும் தின்றாள். பாதிக் காசு போகிற மாதிரி இருந்தால் சீட்டைக் கீழே போட்டாள். ஒருதரம் இரண்டு பத்துகள் ஜோடியாக வந்ததை வீசிவிட்டு, வீசியது சரிதான் என்று தனக்குத்தானே ஐந்து காரணம் சொல்லிக்கொண்டாள். ஆறாவதைத் தேடியபோதே அது பொய் என்று தெரிந்துவிட்டது. பரிசு கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று தடவை அப்படி உட்கார்ந்தே நூறு நூறு டாலர் வாங்கினாள். மற்றதெல்லாம் போனது.

முதுகுக்குப் பின்னால் ரூடினே பழைய படியிலேயே ஆடிக்கொண்டிருந்தான். அன்செல்மோ சொன்னது உறைத்திருக்க வேண்டும். முன்பு மாதிரி எல்லாவற்றிலும் பாயவில்லை. அவள் விட்டதை அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டினான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அவன் குத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். இந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. இருபத்தேழு முடிந்து மூன்று பாக்கி. மதியம் அம்மா போன் செய்து, "கோழி வறுத்து வெச்சிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னே மறந்துபோச்சு," என்றாள். ரூடினே, "அம்மா, இன்னிக்கு அக்காவுக்குப் பரீட்சை," என்று சொல்லி வைத்துவிட்டான். மூன்று மணிக்குள் இரண்டு டூர்னமென்ட் போய்விட்டன. இரண்டாவதில் அவள் வெளியேறிய விதம் கேவலம்: சிப்ஸ் காய்களைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் ஒன்றுக்கும் உதவாத சீட்டோடு மொத்தத்தையும் போட வேண்டியதாயிற்று.

முப்பதாவதில் அறுநூறு பேர். ஐந்து மணிக்கு நூற்றைம்பது பேர் இருந்தார்கள், ஆறரைக்கு நாற்பது. ரூடினேயின் மேசைகள் முடிந்துவிட்டன. அவன் நாற்காலியைத் திருப்பி அவள் பின்னால் உட்கார்ந்தான். ஆடும்போது அடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது இணையதளத்தின் விதி; இந்த வீட்டில் அதை மீறியதே இல்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

பதினாலு பேர் மிஞ்சினார்கள். பதினாலாவது ஆளுக்கு முந்நூற்று முப்பது டாலர். ஜெயிப்பவருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.

கெய்லாவுக்கு ஜாக்கி ஜோடி வந்தது. சாதாரணமாகப் பந்தயத்தை ஏற்றினாள். இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தவன், மேசையிலேயே அதிகச் சிப்ஸ் வைத்திருப்பவன், அரை மணி நேரமாக எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தவன், யோசிக்காமல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினான். அவள் ஒத்துக்கொண்டால் தன்னிடம் உள்ளது மொத்தத்தையும் பந்தயத்தில் வைக்க வேண்டும்.

திரையின் மூலையில் முப்பது நொடி ஓடத் தொடங்கியது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம். ரூடினே எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இருபத்திரண்டு. இன்னும் ஐந்து பேர் போய்விட்டால் அறுநூறு டாலர் என்று ஒரு கணக்கு தலைக்குள் ஓடியது. அவனிடம் ராணி ஜோடி இருந்தால்? ராஜா ஜோடி இருந்தால்? பத்தொன்பது. இதே ஆள், இதே சீட்டு, கீழ்ப்படியில் என்றால் நான் இப்போது என்ன செய்துகொண்டிருப்பேன்?

ஒன்றும் செய்துகொண்டிருக்க மாட்டாள். இந்நேரம் எப்போதோ அழுத்தியிருப்பாள். அவன் மிரட்டுகிறவன், பத்தில் ஏழு தடவை அவன் கையில் இதைவிட மட்டமான சீட்டுதான் இருக்கும். அது அவளுக்கு முதல் நொடியிலேயே தெரியும். மிச்ச நேரமெல்லாம் யோசனையில்லை, பயம்.

பதினொன்றில் அழுத்தினாள்.

அவன் ஏஸும் ராணியும் காட்டினான். ஜோடி கையில் இருந்ததால் அவள்தான் முன்னால் இருந்தாள். நடுவில் மூன்று சீட்டு விழுந்தது, ஒன்றும் இல்லை. நாலாவதும் ஒன்றும் இல்லை. ஐந்தாவது, இஸ்பேட் ராணி; அவனுக்கு ராணி ஜோடி சேர்ந்துவிட்டது.

சமையலறைக் கதவு திறந்தது. "என்னாச்சு?"

"போச்சு. பதினாலாவது."

அவன் வந்து ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். "சரியாத்தான் ஆடியிருக்க. நானா இருந்தாலும் இதையேதான்."

கெய்லா தன் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. வருத்தம்கூட வரவில்லை, கிணற்றிலிருந்து ஏறி வந்தவள் மாதிரி இருந்தது. "ரூடினே, இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இனிமே என்னால அங்க ஆட முடியும். அடுத்த ஞாயிறும் நான் ஐம்பத்தஞ்சுலயே ஆடுறேன்," என்றாள்.

"ஆடேன். நான் ஜெயிச்சதையும் சேத்துப் பாத்தா காகிதக் கணக்குக்கு இன்னும் மேலதான் நிக்கிறோம்," என்றான் அவன். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. அன்னிக்கு ஜெயிச்சுட்டு நானும் இதேதான் சொன்னேன். இதே மூஞ்சியோட," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது உண்மை. உள்ளே இருந்து பேசுவது தெளிவா, தோற்றவளின் ஆசையா என்று அந்த நிமிஷத்தில் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்குக் கீழே பெட்ரோல் பங்கில் ஒருவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கீழ இறங்குறேன்," என்றாள். "முப்பதையும் அன்செல்மோவுக்கு அனுப்பு. இந்தத் தடவை பேரோட அனுப்பு."

இறங்கி ஆடுவது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. இருபத்திரண்டு டாலர் மேசையில் பழைய பெயர் ஒன்று, 'திரும்பி வந்துட்டீங்களா' என்று எழுதி ஒரு சிரிப்பையும் போட்டது. அன்செல்மோவின் செய்தி பத்து நாள் கழித்து வந்தது: "இருபத்தொன்பது ஆட்டம் வேற யாரோ ஒருத்தி ஆடியிருக்கா. கடைசி ஆட்டம் ஆடினவளை மட்டும் எனக்குத் தெரியும். அவளை எப்ப வேணாலும் அனுப்பு."

கெய்லா உடனே ஏறவில்லை. பணம் போதும், அன்செல்மோவும் சொல்லிவிட்டான், ரூடினேயும் வாரம் ஒரு தடவை கேட்டான். "இன்னும் அதைப் பத்தி நினைச்சிட்டே இருக்கேன்டா. நினைப்பு நிக்கட்டும்," என்று தள்ளிப்போட்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மேசைகளைத் திறந்துகொண்டிருந்தபோது பட்டியலில் ஐம்பத்தைந்து டாலர் டூர்னமென்ட் ஒன்று கண்ணில் பட்டது. ஆட்கள் குறைவு, தெரிந்த பெயர்கள். மற்றவற்றோடு அதையும் அழுத்திச் சேர்ந்தாள். அரை மணி கழித்துத்தான் ரூடினே அவள் திரையை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அது ஐம்பத்தஞ்சு. தெரிஞ்சுதான் சேந்தியா?"

"தெரிஞ்சுதான்."

"சொல்லவே இல்ல."

"சொல்ல என்ன இருக்கு. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணு மட்டும்."

அவன் அவசரமாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இரண்டு ஒன்பதுகள் ஜோடியாக வந்தன; எதிரே ஒருத்தி எல்லாவற்றையும் தள்ளினாள். கெய்லா நேரம் எடுத்துக்கொள்ளாமல் ஒத்துக்கொண்டாள், தோற்றாள், அந்த மேசையை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.