நாச்சம்மாள் கொட்டிய ஊறுகாய்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்டார்கள். கம்பத்து அச்சுக்கூடம் ஒன்றில் பிழை திருத்துகிறவன் நான். போன மாதம் (1936, சித்திரை) கம்பம்மெட்டு ஊறுகாய்க் கடைக் கருத்தப்பாண்டி வந்தார். கடை தொடங்கி முப்பது வருஷமாம்.

"அய்யாவும் அம்மாவும் எப்படி இத உண்டாக்குனாகன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. கடைக்கு வர்றவுகளுக்குக் குடுக்கணும்."

நாலு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஏலமலைக் காற்றில் எலுமிச்சை மணம் கமழ, உழைப்பே உருவான சுருளிவேல்..." (மழைக்காலத்தில் அந்த மலையில் நனைந்த கம்பளி நாற்றம்தான் இருக்கும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: சுருளிவேலும் அவர் மனைவி நாச்சம்மாளும் மூன்று ஜாடியோடு தொடங்கினார்கள். கம்பத்தில் ஊறுகாய் போட்டு, கழுதைமேல் ஏற்றி, மலைப்பாதையில் ஏறிக் கம்பம்மெட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏலத்தோட்டத்து ஆட்கள் அரிசி, உப்பு வாங்க அங்கே கூடுவார்கள். வெறுங்கஞ்சி குடித்துச் சலித்த நாக்குகள். மூன்று ஜாடி எட்டானது.

இதோடு முடித்திருக்கலாம். சரிபார்க்கலாமே என்று நாச்சம்மாளிடம் போனேன். ஐம்பத்தைந்து வயதிலும் அவரேதான் காய் நறுக்குகிறார். எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"அண்டா எங்க?" என்றார்.

"எந்த அண்டா?"

"அத எழுதாம என்னத்த எழுதுனீக, தம்பி?"

3

(இனி வருவது அவர் சொன்னது. சொல்லும்போது அவர் அழவில்லை. அழுததாக நான் எழுதியிருந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன்.)

மூன்றாம் வருஷம், ஆடி மாதம். ஜாடி போதவில்லை. மீந்த ஊறுகாயைச் சுருளிவேல் பித்தளை அண்டாவில் கொட்டி மூடிவைத்தார். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. [பார்த்தும் பேசாமல் இருந்தாரா? எனக்குத் தெரியாது.] வெறும் பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அது விஷம். பத்து நாள் கழித்து ஜாடிக்கு மாற்றி விற்றார்கள்.

அடுத்த வாரம் மெட்டில் ஒரே பேச்சு. சக்குபள்ளத்துத் தோட்டத்தில் பதினோரு பேருக்கு வாந்தி. அழகுத்தாய் என்ற பெண்ணுக்கு மூன்றாம் மாசம். மசக்கையில் ஊறுகாயைத் தவிர எதுவும் இறங்காமல் இருந்தவள். கரு கலைந்துவிட்டது.

ஓடைத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். நாச்சம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு இறங்கிவந்து அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே பச்சை படர்ந்திருந்தது.

"தண்ணின்னே இருக்கட்டும்," என்றார் சுருளிவேல். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல."

"மெட்டுல கால் வைக்க விடமாட்டாய்ங்க, புள்ள. பொழப்பே போயிரும்."

"போனா மறுபடி உண்டாக்குவோம். இத மறைச்சுவச்சுட்டு இனி என் கையால ஒரு காயி நறுக்க முடியாது."

மறுநாளே மிச்சமிருந்த ஜாடிகளோடு நாச்சம்மாள் சக்குபள்ளம் போனார். ஆட்கள் வேலைவிட்டு வரும் நேரம். அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, "எங்க ஊறுகாதான். எங்க அண்டாவுல களிம்பு ஏறியிருந்துச்சு," என்றார். எல்லா ஜாடியையும் பள்ளத்தில் கொட்டினார். எதில் நல்லது, எதில் கெட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர் கழுதையை அவிழ்த்து விரட்டிவிட்டார். நாச்சம்மாள் போகவில்லை. நாலு நாள் அங்கேயே இருந்து, படுத்திருந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அழகுத்தாய் மட்டும் அந்தக் கஞ்சியைத் தொடவில்லை.

(இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார் கருத்தப்பாண்டி. "உங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றேன். அவர் போகவில்லை.)

4

ஐப்பசியில் மூன்று ஜாடியோடு நாச்சம்மாள் மறுபடி மெட்டில் உட்கார்ந்தார். முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. "போதும், விட்டுருவோம்," என்றார் சுருளிவேல். மூன்றாம் ஞாயிறு அழகுத்தாய் வந்தாள். ஜாடிகளுக்கு முன்னால் நின்றாள்.

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அழகுத்தாய் தொட்டு நக்கி, "உப்பு கம்மி," என்றாள். (கருத்தப்பாண்டிக்கு இதுதான் பிடித்தது.)

அழகுத்தாய் ஜாடியை உதைத்து...

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். (சீ.)

நாச்சம்மாளிடமே கேட்டேன். "என்ன சொன்னாங்க?"

முதல் தடவையாகக் கத்தியைக் கீழே வைத்தார். "சொன்னா. அவ பிள்ளையப் பத்தி எங்கிட்டச் சொன்னது அது. கடைச் சரித்திரத்துல அதுக்கு என்ன சோலி?"

"அப்ப நான் எப்படி முடிக்கிறது?"

"நாலாவது வாரமும் மலை ஏறுனேன். அதப் போடுங்க."

போட்டிருக்கிறேன். அழகுத்தாய் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் நடுவே ஒரு வரி காலியாகக் கிடக்கிறது. அதில் எதை எழுதுவது என்பது உங்கள் பாடு. ஆனால் எதை எழுதினாலும், நாச்சம்மாள் மலை ஏறியாக வேண்டும்.