மிளகளவு சக்கரம்

தையல்காரர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவர் "விழுந்துருச்சு" என்று சொன்னால் யாரும் அசையக் கூடாது. மின்விசிறியை அணைத்துவிடுவார். தும்மல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குச் சொன்னார்.

விழுந்தது அவர் செய்த மாதிரிப் பாய்மரக் கப்பலின் சுக்கான் சக்கரம். பேனா ரீஃபிலை பிளேடால் வளையமாக நறுக்கி, டூத் பிரஷ்ஷின் நார்களை ஆரக்கால்களாக்கி, ஊசிமுனையில் பசை தொட்டு ஒட்டியது. மிளகளவுதான், பதினோரு நாள் பிடித்தது. நான்கு மணிக்கு மாதிரிக் கப்பல் செய்வோர் சங்கத்தின் நடுவர் போட்டிக்கு மதிப்பெண் போட வருகிறார். மூன்று வருடமாக முதல் பரிசு பல் டாக்டருக்கே போகிறது. இவருக்கு இரண்டாமிடம்.

மனைவி துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றாள். அவள் தம்பி ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

"மாமா, காலைக் கீழ வைக்கட்டுமா?"

"வச்சே, வெட்டிருவேன்."

"போன தடவை நங்கூரம் விழுந்தப்ப சட்டையைப் பாதி மாட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னேன் அக்கா."

"நான் பால் பொங்கி வழியறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். பேசாம நில்லுடா."

தையல்காரர் தூசி உறிஞ்சும் மெஷினின் வாயில் ஒரு மெல்லிய காலுறையை மாட்டித் தரையைத் தடவினார். சின்னப் பொருள் எதுவும் உள்ளே போகாமல் காலுறையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நகத்துண்டும், பழைய கப்பலொன்றின் மாலுமி பொம்மையும் ஒட்டிக்கொண்டன. மாலுமிக்குத் தலை இல்லை.

"இந்தாளை ரெண்டு வருஷமாத் தேடறேன்," என்றார் தையல்காரர்.

நடுவர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக், அவரும் கப்பல் செய்பவர். சிலையாக நின்றவர்களைப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார்.

"எந்த ஸ்கேல்?"

"முன்னூறுல ஒண்ணு."

"அடப்பாவமே," என்று முழங்காலால் ஓரடி நகர்ந்தார். நறுக்கென்று ஒரு சத்தம். நகர்ந்தவர் நின்றார். "அது நான்தான்னு நினைக்கிறேன்."

முழங்காலடியில் பாதி வளையமும் மூன்று ஆரக்கால்களும் இருந்தன.

"அப்ப காலை வைக்கலாம்," என்று தம்பி வைத்தான்.

நடுவரின் முகம் சுண்டிவிட்டது. "சக்கரம் முழுசா இருந்ததா வச்சு மார்க் போட்டுடறேன்."

"வேணாம். பல் டாக்டர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்," என்ற தையல்காரர், உடைந்ததையே இடுக்கியால் எடுத்துக் கப்பலில் ஒட்டினார். மற்றதெல்லாம் பளபளவென்றிருக்க, அது மட்டும் பல்லிளித்தது.

"புயல்ல மாட்டின கப்பல்னு சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"நடுவர் யோசனை சொல்லக் கூடாது," என்றார் நடுவர். "ஆனா புயல்னா பாயெல்லாம் இப்படி இஸ்திரி போட்ட மாதிரி இருக்காது."

அந்தப் பாய்களின் விளிம்பை லென்ஸ் வைத்துத் தைத்திருந்தார் தையல்காரர். இப்போது ஊசியை எடுத்துக்கொண்டு அவற்றை நெருங்கினார்.

"நான் கிழிக்கட்டுமா மாமா?"

"உனக்கென்ன தெரியும்? காத்துல கிழியற துணி தையலை ஒட்டித்தான் கிழியும். நடுவுல கிழிஞ்சா அது ஆணியில மாட்டினது." நாற்பது வருடமாகப் பிறர் கிழித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர். ஊசியால் ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். பாய்கள் கந்தலாகத் தொங்கின.

லென்ஸோடு குனிந்த நடுவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"பல் டாக்டர் கப்பலைக் காலையிலயே பாத்துட்டேன். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு. உங்க கப்பல்ல ஏறினா உயிருக்குப் பயமா இருக்கும்," என்று தாளை நீட்டினார். முதலிடம். கீழே பேனாவால் புதிதாக ஒரு கட்டம்: கிழிசல், பத்துக்குப் பத்து.

தையல்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

"தையலுக்கு ஒன்பதுதானா?"