இரவல் மூச்சு

1

அந்த மாலை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் மகள், மருமகன். விளையாட்டில் வரும் பேயைச் சேர்ப்பதா என்று தயங்கினேன். சேர்த்துவிடுகிறேன். அதற்கும் இந்த வீட்டில் பங்கு உண்டு.

இந்தக் கதை ஒரு விமர்சனத்தில் பிறந்தது. மகளும் மருமகனும் எங்கள் மாடியறையில் உட்கார்ந்து, குறைந்த செலவில் ஒரு திகில் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். கைவிடப்பட்ட விடுதி, கையில் ஒரு டார்ச், பின்னால் ஒரு பேய். உயிர் பிழைத்து வெளியே வர வேண்டும். முன்னோட்டம் பார்த்த ஒருவர் எழுதினார்: 'மலிவான வேலை. ஆனால் அந்தப் பேயின் மூச்சு மட்டும் முதுகில் ஊர்கிறது.'

அந்த மூச்சு என் மனைவியுடையது. அவளுக்கு ஆஸ்துமா.

(இந்த வரியை அடித்தேன், மறுபடி எழுதினேன். வீட்டு நோயை வெளியே சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.)

2

முதல் தொடக்கம்: 'இருட்டில் ஏதோ மூச்சுவிட்டது…' வேண்டாம். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. பொய்யில் தொடங்க மாட்டேன்.

இரண்டாவது: 'மானம் என்பது' – இதையும் விடுகிறேன். நடந்த பேச்சை எழுதினால் போதும்.

"உங்கம்மா இழுக்கிறதையா ஊருக்கு விக்கப்போற?" என்றேன் மகளிடம்.

"அம்மாவேதான்பா மைக்கைப் பிடுங்கி இழுத்துக் காட்டினாங்க."

"எடுத்துடு."

"அதை எடுத்துட்டா கேம்ல மிச்சம் ஒண்ணுமே இல்ல மாமா," என்றார் மருமகன்.

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமேங்க. இத்தனை வருஷம் உங்க ஒருத்தருக்கு நான் பயந்தேன். இப்ப ஊரே எனக்குப் பயப்படட்டும்."

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மனைவி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"ஒரு தடவை விளையாடிப் பாருங்கப்பா. அப்புறமும் எடுன்னு சொன்னீங்கன்னா எடுத்துடறேன். சத்தியமா."

3

குற்றம் காணத்தான் உட்கார்ந்தேன். நிறையவே கிடைத்தது. விடுதியின் எல்லா அறைகளும் ஒரே அறைதான், கட்டில்தான் இடம் மாறியிருக்கும். படியேறும்போது பேயின் கால் படிக்குள் புதையும். சில சமயம் மூலையில் மாட்டிக்கொண்டு சுவரை நோக்கி நடந்துகொண்டே இருக்கும். அப்போது அதன்மேல் பரிதாபம்தான் வருகிறது.

நிறையையும் மறைக்கக் கூடாது. டார்ச்சுக்கு பேட்டரி அரிதாகவே கிடைக்கும். விளக்கைப் போட்டால் வழி தெரியும், பேய்க்கு நாமும் தெரிவோம். அது எங்கே இருக்கிறது என்பதை மூச்சை வைத்துத்தான் அறிய வேண்டும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நிற்கிறதா, நெருங்குகிறதா. ஓர் அலமாரிக்குள் ஒளிந்தேன். டார்ச்சை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: மற்றவர்கள் அந்தச் சத்தம் நெருங்கினால் பயப்படுவார்கள். பக்கத்துத் தலையணையில் அதைக் கேட்டே பழகியவன் நான். அது நின்றுவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.)

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அந்த மூச்சிலேயே இருந்தது. பதிவு மிகவும் சிறியது. ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு, விக்கல்போல ஒரு வெட்டு. மறுபடி முதலிலிருந்து.

4

அலமாரிக்குள் இருக்கிறேன். மூச்சு வருகிறது. இழுப்பு. இழுப்பு. வெட்டு வந்தது. ஆனால் வெட்டுக்கு அடியிலும் ஓர் இழுப்பு ஓடியது.

"செமயா இருக்குல்ல?" என்றாள் மகள், என் தோளுக்குப் பின்னால்.

"இந்த இடத்துலதான் மாமா எல்லாரும் கத்துவாங்க," என்று மருமகன் ஒலியைக் கூட்டினார்.

"சத்தத்தை நிறுத்துங்க."

"ஏன்பா, பயந்துட்டீங்களா?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினார். மூச்சு நிற்கவில்லை.

பக்கத்து அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவள் சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எங்களைக் கூப்பிடக் குரல் இல்லை. மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்த இரைப்பு பிள்ளைகளுக்கு வேலைச் சத்தமாகிவிட்டிருந்தது. வேறெந்த வீட்டிலும் அதைக் கேட்டதும் ஓடியிருப்பார்கள். இவர்கள் ஒலியைக் கூட்டினார்கள்.

மகள் இன்ஹேலரைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தாள். மருமகன் காரைக் கிளப்ப ஓடினார். நான் அவளை நிமிர்த்தி என் மார்பில் சாய்த்துக்கொண்டேன்.

5

இனி முடிவு. மகள் அழுதாள், நான் மன்னித்தேன் என்று ஒன்று எழுதிப் பார்த்தேன். அழுதது உண்மை. மன்னிப்பதற்கு நான் யார்? பதிவு நன்றாக, நீளமாக அமைந்திருந்தால் எனக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆக, அந்த மட்டமான வேலைதான் அவளை – இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு மனைவி சொன்னாள்: "அப்பா சொன்னார்னு எடுத்துத் தொலைக்காதடி. என்ன, அந்த வெட்டுதான் கேக்க அசிங்கமா இருக்கு."

"இன்னொரு தடவை உன்னை இழுக்கவிட மாட்டேம்மா," என்றாள் மகள்.

"எடுத்துடு," என்றேன் நான்.

மகள் என்னிடம் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் அது அவள் அம்மாவின் மூச்சு. அவள் யார் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்? இந்த வழக்கில் நானும் ஒரு தரப்பு, தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நானே திருத்த வேண்டும். கேம் வெளிவந்துவிட்டது. பேயின் மூச்சு இப்போது நீளமானது, எங்கும் வெட்டு இல்லை. அன்று அவள் திணறியதைப் பதிவு செய்து போட்டுவிட்டார்கள் என்று உறவுக்குள் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அன்று யாரும் எதையும் பதிவு செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மாடிப்படியில் ஏறி இறங்கி, மைக்கின் முன்னால் நின்று இரைத்தது நான்.