நாற்றப்படி

மகள் அப்பாவின் வலது கையை மடியில் வைத்து, விரல் இடுக்குகளில் மூன்றாம் முறையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் போன உயிர். சுடுகாட்டு வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"போதும்டி, தோல் உரிஞ்சிடப் போகுது," என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்தபடி. "முப்பது வருஷமாப் போகாத வாடை இப்பவா போகப்போகுது?"

அப்பாவுக்குக் கழிவுநீர் இறைக்கும் நிலையத்தில் வேலை. சம்பளத்தோடு நாற்றப்படி என்று தனியாக ஒரு தொகை வரும். மகள் படித்தது அதில்தான். படித்து, நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்குப் போனாள். அங்கே அப்பாவின் சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோதெல்லாம் தலைமை நூலகர் சிரித்த முகமாக ஒன்றையே சொல்வார்: "உனக்குப் பிடிச்ச வேலைதானேம்மா, இன்னும் என்ன வேணும்?"

நிலையத்து மேஸ்திரி உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"சாவு வீட்ல பேசற பேச்சில்லதான், கோவிச்சுக்காத தங்கச்சி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வாரிசு வேலைக்குப் பேரைக் குடுக்கலன்னா வெளியாளைப் போட்டுருவாங்க. இந்தக் குவார்ட்டர்ஸ் வீடும் அவனுக்குத்தான்."

மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். ஏழாவது கேள்வி: 'இப்பணி அருவருப்பூட்டுவதா?'

"அதுக்கு ஆமான்னு போடும்மா. உங்கப்பா மாதிரி மாத்திச் சொல்லி எங்க வயித்துல அடிச்சிராத."

"அப்பாவா?"

"வருஷா வருஷம் மேலிடத்துலேருந்து ஆள் வந்து கேப்பான். மூக்கைப் பொத்திக்கிட்டுப் பொலம்பணும், அதான் வழக்கம். இந்த மனுஷன் என்னடான்னா, 'பம்பு சத்தத்தை வெச்சே எங்க அடைப்புன்னு சொல்லிடுவேன் சார், எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்'னுட்டார். வெள்ளந்தி! எட்டு மாசம் ஒருத்தனுக்கும் படி வரல. எங்க வாய்க்குப் பயந்தே அப்புறம் அந்த வார்த்தையையே விட்டுட்டார்."

அம்மா தலை நிமிர்ந்தாள். "வீட்லகூட ஒரு நாளும் சொன்னதில்லையேண்ணே. வேலையைத் திட்டிக்கிட்டேதானே சாப்பிட உக்காருவார்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"வாரத்துல ஒரு நாளாவது லைப்ரரிக்கு..." என்று தொடங்கிய அம்மா அதை முடிக்கவில்லை.

மகள் ஏழாவது கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேஸ்திரி படிவத்தை நான்காக மடித்தார். "பூட்ஸ் ஆம்பளைங்க அளவுலதான் வரும். உனக்கு என்ன நம்பர்?"

"அஞ்சு."

"அஞ்சா! சொல்லித்தான் செய்யணும்."

பழைய செய்தித்தாள் ஒன்றைத் தரையில் விரித்தார். மகள் அதன்மேல் ஏறி நின்றாள். அவர் குனிந்து, அவள் பாதத்தைச் சுற்றிப் பேனாவால் மெதுவாகக் கோடு இழுத்தார். வாசலுக்கு வந்த வண்டிக்காரர்கள் இருவரும், அவர் வரைந்து முடிக்கட்டும் என்று நின்றார்கள்.