பூங்குருவியை விரட்டியவள்

2018 நவம்பர் ஆறாம் நாள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபே தீவின் தெற்குக் காட்டில், உலகில் வேறெங்கும் இல்லாத பூங்குருவியைப் பிடிக்க ஒருவன் வலை விரித்தான். மனிதனுக்கு அஞ்சாத பறவையை, அந்த அஞ்சாமையைக் கொண்டே பிடிக்க முனைந்தான். அவன்மேல் குறை இதுதான்.

அவன் வேற்றாள் அல்லன். லியோகாடியாவின் கணவனுக்குத் தம்பி, அடெலினோ. நத்தைக் கூடையுடன் ஓடையைக் கடந்து வந்த லியோகாடியா, எதிர்ச்சரிவில் அவன் குந்தியமர்ந்து சருகைக் கிளறுவதைக் கண்டதும் நின்றுவிட்டாள். நத்தை பொறுக்கும் பெண்கள் சருகைப் புரட்டினால், அடியிலுள்ள புழுவுக்காகப் பூங்குருவி காலடிக்கே வந்துவிடும். அதை விரட்டும் பெண்ணை மறுநாள் எவரும் உடன் அழைத்துச் செல்வதில்லை.

“வலையைச் சுருட்டுடா!”

“மெதுவா அண்ணி! உங்க தொண்டைக்கு நத்தைகூட எழுந்து ஓடிரும்.”

“உங்க அண்ணன்கிட்டச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. கூண்டுப் பறவை வாங்குற படகுக்காரன் நாளைக்கு வரான். அண்ணனுக்கும் ஒரு புட்டி பனங்கள்ளு உண்டு.”

புதரிலிருந்து மஞ்சள் அலகு நீண்டது. பறவை தத்தித் தத்தி வலையை நோக்கி வந்தது. லியோகாடியா கைதட்டிக் கத்தினாள். அது தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, இன்னும் நெருங்கியது.

“கத்துங்க, நல்லாக் கத்துங்க! ஆள் சத்தம் கேட்டாத்தானே இது வரும்? நீங்க பழக்கினதுதானே!”

வலைக்கயிறு அவன் விரலில் இறுகியது. ஓடித் தடுக்க இயலாதபடி நடுவே பள்ளம். அவள் கூடைக்குள் கைவிட்டு, உள்ளங்கை நிறையும் நத்தையொன்றை எடுத்து வீசினாள். பறவை விலகவில்லை, இரையென்று எண்ணி, அது விழுந்த இடத்துக்கே தாவியது. வலைக்கு இன்னும் ஒரு தாவல்தான் மீதி.

இரண்டாம் நத்தையைப் பறவையின் மீதே குறிவைத்தாள். செத்துவிட்டால்? எறிந்தாள்.

ஓடு வாலில் உரசிற்று. இறகொன்று உதிர, பூங்குருவி கிறீச்சிட்டு மேலெழுந்தது. வெறும் வலை மூடிக்கொண்டது.

“பைத்தியமா உங்களுக்கு? குருவியை அடிச்சீங்கன்னு ஊருக்கே சொல்லுவேன்!”

“நானே சொல்லிக்கிறேன், போடா.”

சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். பெண்கள் நியாயம் என்றனர்; ஆயினும் மறுநாள் எவரும் அவளை அழைக்கவில்லை. தனியே சென்று சருகைப் புரட்டினாள். உச்சிக் கிளையில் பூங்குருவியின் பாட்டுக் கேட்டது. அது மறுபடி மனிதரை நம்பி இறங்கி வந்துவிடக் கூடாதென்று, விரட்டுவதற்காக இடக்கையில் ஒரு கல்லை வைத்திருந்தாள்.

வாசகரே, காட்டுப் பறவையைக் கூண்டிலிட்டுக் கொண்டுவருபவனிடம் விலை கேட்காதீர். வாசலிலேயே அவனைத் திருப்பி அனுப்பும்.