கூடப்பிறந்தது

பெங்களூரில் நான் செய்வது ஈ ஓட்டுகிற வேலை. கிண்டல் இல்லை, நிஜமாகவே ஈ. பழத்தில் மொய்க்கும் பொடி ஈக்களுக்குப் புழுப் பருவத்தில் நரம்புகள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்கிறேன்.

மலைமேல் நாகலூர் எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசையிலுள்ள எங்கள் லைன் வீட்டுக்கு வந்தது தங்கை சுதாராணியைப் பிரசவத்துக்குச் சேலம் கூட்டிப்போக. வலி எடுப்பதற்கு முன்பே மலை இறங்கிவிட வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். முதல் ஸ்கேனில் இரண்டு குழந்தை தெரிந்தது, அடுத்ததில் ஒன்றுதான். மற்றது கரைந்துவிட்டது என்றார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மத்தியானமே மூடுபனி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏனுங்ண்ணா, நொம்ப வருசமா அந்த ஈக்குள்ள என்னத்தத்தான் பாக்கறீங்க?" என்றாள் சுதா.

சிரிக்க வைக்கலாம் என்று தொடங்கினேன். இந்த விஷயத்தை அதுவரை தமிழில் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரு தாய் இருக்குது கண்ணு. செல்லுதான். அது வரிசையாப் பெத்துக்கிட்டே போகும். எல்லாம் சோடி சோடியா வரும். சோடியில ஒண்ணு நரம்பாயிரும், கூடப்பொறந்தது செத்துரும். பெத்து முடிச்சதும் கடைசியில தாயும்..."

வாய் நின்றது, ஒரு சொல் தாமதமாக.

"தாயும்?" என்றாள்.

"உன்ற வாயில கொள்ளியத்தான் வெய்க்கோணும்" என்றார் அடுப்படியிலிருந்து அம்மா.

இங்கிலீஷில் அவை வெறும் செல்கள். தமிழில் சொன்னதும் குடும்பமாகிவிட்டன.

"நான் சேலத்துக்கு வர்லீங்ண்ணா" என்றாள் சுதா. "கரைஞ்சு போச்சுன்னாங்களே, அது இந்த ஊட்லதான் இருக்குது. பொழுது சாஞ்சா செவுத்துக்குள்ளிருந்து கூப்புடுது. நான் போயிட்டா அது யாரக் கூப்புடும்?"

"அது சுவர்க்கோழிப் பூச்சி, சாமி."

"உங்களுக்கு ஈயத் தெரியும். எனக்கு இந்தச் செவுத்தத் தெரியும்."

சொல்லி வைத்தாற்போல் சுவர் கிறீச்சிட்டது. என் ஆராய்ச்சியின் மறுபாதியை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சாக வேண்டிய அந்தக் கூடப்பிறந்த செல்லைச் சாகவிடாமல் தடுப்பதுதான் அது. தடுத்தால் அதுவும் நரம்பாகிறது. தனக்கென்று யாரும் ஒதுக்கி வைக்காத இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுங்கும். ஊரில் பேய் ஓட்ட ஆள் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு பேயைத் தங்க வைக்கிற ஆள் நான்.

மறுபடி கிறீச். அப்போதுதான் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது.

"கண்ணு, நான் சொன்னது ஈயோட கத. சுவர்க்கோழி கத வேற. அதோட மூளையில ஒரு எடத்துல தாய் சாகறதே இல்ல. வளந்து, றெக்கை மொளச்சு, இப்பிடிக் கத்திக்கிட்டுத் திரியறப்பவும் உள்ளுக்குள்ள தாய் இருக்கும்."

"நெசமாலுமா?"

"நம்ம மலைச்சாமி சேர்வராயன் மேல சத்தியம்."

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப அதையும் புடிச்சுக்குங்க. மூணு பேருமாப் போலாம்."

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவன் பொந்து பொந்தாக டார்ச் அடித்தேன். ஒன்று அகப்பட்டது. ஒன்றே ஒன்று. ஓட்டை போட்ட டப்பாவில் விட்டேன்.

காலையில் குப்பனூர் வழி பஸ்ஸில் இறங்கினோம். கண்ணாடிக்கு வெளியே பனி தவிர எதுவும் இல்லை.

"டப்பாவுல என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"கோழிங்க" என்றேன்.

"அதுக்கும் டிக்கெட் போடட்டுங்களா?"

சுதா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும் மடியிலிருந்த டப்பா கிறீச்சிட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு கிறீச், மிக அருகில்.

"எத்தன புடிச்சீங்கண்ணா?" என்றாள் சுதா.

டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு" என்றேன்.

அவள் வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே இருந்த ஒன்று சிறகை மடக்கிச் சும்மா இருந்தது. இன்னொன்றின் குரல் அடிவாரம் வரை எங்களோடு வந்தது.