எட்ட நின்ற மகள்

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் விழுங்கி வீடு திரும்பிய மகள், அப்பாவின் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட அப்பா, இன்றோ நாளையோ என்று படுத்திருந்தார்.

"பக்கத்துல வாம்மா."

"என் உடம்புலேருந்து கதிர்வீச்சு வருதுப்பா. அந்த அயோடின் தானா பாதியாத் தேயவே எட்டு நாள் ஆகும். நெருங்கினா, பின்னால உங்களுக்கும் புற்றுநோய் வரலாம்."

"பின்னாலன்னா?"

"பல வருஷம் கழிச்சு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தனை வருஷம் எனக்கு யாரு தரப்போறா? வா."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் அந்தக் கை சில்லிட்டது.

செய்தி கேட்டு வந்த கர்ப்பிணித் தங்கை, அக்காவைக் கட்டிக்கொண்டு அழ ஓடிவந்தாள்.

"தள்ளி நில்லுடி! வயித்துல பிள்ளை இருக்கு" என்று கத்தியவள், சுவரோரம் ஒதுங்கித் தனியாகவே அழுதாள்.